இருண்ட இடமெல்லாம் அடைபட்ட இடமா?
மூளை இரத்தக்குழாய்ப் புடைப்பும் காந்தப் பட முறைகளும்: ஒரு மதிப்பீடு

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் தம் தாய்மாமனை அழைத்துக்கொண்டு மேலநீலிதநல்லூருக்கு என்னைத் தேடி வந்தார். மாமன் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுபவர். இரண்டாண்டுகளுக்கு முன் அவருக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. புடைத்துக் கசிந்த இரத்தக்குழாயைப் பிளாட்டினச் சுருள் வைத்து அடைத்து, மருத்துவர்கள் உயிர் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக் காட்டவேண்டும் என்பது கட்டளை. முதலாண்டு 1.5 டெஸ்லா கருவியில் எடுத்தார். இவ்வாண்டு, "3 டெஸ்லாதான் பெரியது, அதில்தான் தெளிவாகத் தெரியும்" என்று யாரோ சொல்ல, கூடுதல் பணம் கட்டி வேறோர் ஊரில் எடுத்தார். முதல் அறிக்கையில் "புடைப்பினுள் ஓட்டம் காணப்படவில்லை" என்று இருந்தது. இரண்டாவதிலோ "உலோக நிழலால் உறுதியாகக் கூற இயலவில்லை" என்று எழுதியிருந்தார்கள்.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: "சார், நீங்க காந்தப் பாடம் நடத்துறவங்கன்னு மருமகன் சொன்னான். சின்னக் காந்தத்துல தெரிஞ்சது பெரிய காந்தத்துல எப்படி சார் தெரியாமப் போகும்?"

நான் மருத்துவன் அல்லன். அவருக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆயினும் கேள்வி இயற்பியலைச் சேர்ந்தது. அதற்கு விடை தேடப் புகுந்தபோது, ஒன்றுக்கொன்று போட்டியாகப் பேசப்படும் பல காந்தப் பட முறைகளை எடை போட்டுப் பார்க்க நேர்ந்தது. அந்த மதிப்பீட்டையே இங்கே வாசகர்கள் முன் வைக்கிறேன்.

புடைப்பும் அதை அடைக்கும் வழிகளும்

சைக்கிள் ட்யூபில் தேய்ந்த இடம் காற்றடித்ததும் குமிழ்போலப் புடைப்பதை நாம் அறிவோம். மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் கிளைக்கும் இடங்களில் சுவர் நலிந்தால் அங்கும் இவ்வாறே குமிழ் தோன்றும். மருத்துவர்கள் இதை 'அன்யூரிசம்' என்பார்கள். கோள வடிவான ஒரு பையின் சுவரில் உண்டாகும் இழுவிசை, உள்ளழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கிப் பாதியாக்கக் கிடைக்கும் என்று பிளஸ் டூ மாணவர்கள் படித்திருப்பார்கள். ஆரம் இரு மடங்கானால் அதே இரத்த அழுத்தத்தில் இழுவிசையும் இரு மடங்காகும். சுவரோ மெலிந்துகொண்டே போகும். புடைப்பு பெருகப் பெருக ஆபத்தும் பெருகுவதன் காரணம் இதுவே.

வயது வந்தோரில் நூற்றுக்கு மூவர் அளவில் இத்தகைய புடைப்பு இருக்கலாம் என்று கணிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமலே இருந்துவிடுகின்றன. வெடித்தால் மட்டும் உயிருக்கே ஆபத்து.

இதற்கான மருத்துவம் மூன்று கட்டங்களாக வளர்ந்தது. 1937-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி மண்டையைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கிளிப் ஒன்றைப் பூட்டினார். 1990-இல் இத்தாலியரான கைடோ குக்லியெல்மி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பணியாற்றியபோது, தொடைத் தமனி வழியே மெல்லிய குழலைச் செலுத்தி, புடைப்பினுள் மென்மையான பிளாட்டினக் கம்பிச் சுருளை வைத்தார். கம்பியைப் பிரித்துவிட அவர் கையாண்டது நாம் ஆய்வகத்தில் செய்யும் மின்னாற்பகுப்பேதான்! சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தினால் இணைப்பிலுள்ள எஃகு கரைந்து, சுருள் மட்டும் உள்ளே நின்றுவிடும். மூன்றாவது, ஓட்டத்தைத் திருப்பிவிடும் வலைக்குழல். இதைத் தமனியினுள், புடைப்பின் வாயைக் கடந்து செல்லுமாறு விரிப்பார்கள். கரை உடைந்த இடத்தில் முள்ளும் தழையும் கட்டினால் நீர் வாய்க்காலோடு போய்விட, உள்ளே தேங்கிய நீர் சேறாகி அடைவதுபோல, புடைப்பில் தேங்கிய இரத்தம் சில மாதங்களில் உறைந்து அடைபடும்.

இவ்வலைக்குழல் இறக்குமதிப் பொருளாகவே இருந்து, பல லட்ச ரூபாய் விலை பெற்றது. 2020-இல் நமக்கு அண்டையிலுள்ள திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உள்நாட்டிலேயே ஒன்றை உருவாக்கியதாக அறிவிக்கப்பட்டது. அதற்கான நிக்கல்-டைட்டானியக் கலவையைப் பெங்களூர் தேசிய ஏரோஸ்பேஸ் ஆய்வகம் வழங்கியது. இத்தகைய கருவிகள் நம் மருத்துவமனைகளில் பெருகும்போது, அவற்றைப் பிற்பாடு எந்தப் படத்தால் கண்காணிப்பது என்ற வினாவும் நம் ஊர்களுக்கே வந்து சேரும்.

அடைத்தபின் ஏன் கண்காணிக்கவேண்டும்?

சுருள் வைத்து அடைப்பது என்றால் உலோகத்தால் நிரப்புவது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் புடைப்பின் கன அளவில் ஏறத்தாழக் கால் பங்கைத்தான் சுருள் பிடித்துக்கொள்ளும். மீதி முக்கால் பங்கும் உறைந்த இரத்தமே. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் அந்தச் சுருளை இடித்து அமுக்குகிறது. நாளடைவில் சுருள் ஒருபுறம் ஒதுங்க, கழுத்துப் பகுதி மீண்டும் திறந்துகொள்ளலாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சுருள் வைத்தவர்களில் ஐவரில் ஒருவருக்கு ஓரளவேனும் மீண்டும் திறக்கிறது என்றும், பத்தில் ஒருவருக்கு மறுபடியும் மருத்துவம் தேவைப்படுகிறது என்றும் தெரியவந்துள்ளது.

இதனால் சுருள் முறை தாழ்ந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2002-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், வெடித்த புடைப்புடைய 2,143 பேரைச் சீட்டுக் குலுக்கலைப் போல இரு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் இறந்தவரும் பிறர் உதவியின்றி வாழ இயலாதவருமாகச் சேர்த்து, சுருள் பிரிவில் நூற்றுக்கு 23.7 பேர், கிளிப் பிரிவில் 30.6 பேர். உடனடி நன்மை சுருளுக்கு. நெடுநாள் கண்காணிப்பு என்பது அதற்காகக் கொடுக்கும் விலை.

கண்காணிப்பில் நெடுங்காலமாக உரைகல்லாக இருப்பது, தமனியினுள் மருந்து செலுத்தி எக்ஸ் கதிரால் எடுக்கும் படம். 1927-இல் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த முறை இது. இன்று கணினி உதவியால் எலும்பின் நிழலைக் கழித்து எடுக்கப்படுகிறது, மருத்துவமனைகளில் 'டி.எஸ்.ஏ.' என்பார்கள். படம் மிகத் துல்லியமானது. ஆனால் ஒவ்வொரு முறையும் தமனியைத் துளைத்துக் குழல் செலுத்தவேண்டும். ஏறத்தாழ 20,000 பரிசோதனைகளை ஆராய்ந்த ஓர் அறிக்கையில், நிலைத்த ஊனம் தரும் பக்கவாதம் ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு ஏற்பட்டதாகக் காணப்பட்டது. சிறிய எண்தான், எனினும் நலமாக நடமாடும் ஒருவரை ஆண்டுதோறும் இதற்கு உட்படுத்துவது எளிதன்று. எனவேதான் காந்தப் படத்தை நாடுகிறோம்.

ஓடும் நீர் தந்த பாடம்

காந்தப் படத்தில் நாம் பார்ப்பது நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை, அதாவது புரோட்டான்களை. இவை நுண்ணிய காந்தங்கள். 1 டெஸ்லா புலத்தில் இவை விநாடிக்கு 4.26 கோடி முறை பம்பரம்போலத் தலைசுற்றும். 1.5 டெஸ்லாவில் இது சுமார் 6.4 கோடி, 3 டெஸ்லாவில் 12.8 கோடி. அதே அதிர்வெண்ணுள்ள ரேடியோ அலையால் தட்டினால் அவை எதிரொலிபோல ஒரு சைகையைத் திருப்பித் தரும். தட்டுவதற்கும் எதிரொலியைக் கேட்பதற்கும் இடைப்பட்ட நேரத்தை 'எதிரொலி நேரம்' என்போம். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். இக்கட்டுரையின் திறவுகோல் அதுவே.

ஓடும் திரவம் வேறுவிதமாகச் சைகை தரும் என்பதைத் தொடக்கத்திலேயே ஆராய்ந்தவர் நம் நாட்டவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜி. சூர்யன், 1951-இல் இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில், ஓடும் திரவங்களில் அணுக்கரு ஒத்ததிர்வு பற்றி எழுதினார். குழாயில் நீர் ஓடும்போது, தட்டுண்டு களைத்த புரோட்டான்கள் வெளியேறிப் புதியவை உள்ளே வருவதால் சைகை வலுக்கிறது என்பதே அதன் சாரம். காந்தப் படம் என்ற எண்ணமே பிறவாத காலம் அது. லாட்டர்பர் முதல் காந்தப் படத்தை வெளியிட்டது 1973-இல்தான்.

இன்று மருந்து எதுவும் போடாமல் இரத்தக்குழாயைப் படமெடுக்கும் 'டி.ஓ.எஃப்.' என்னும் முறை இக்கருத்தின் மேல்தான் நிற்கிறது. ஒரு பகுதியை ரேடியோ அலையால் இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருந்தால், அங்கேயே இருக்கும் திசுக்களின் புரோட்டான்கள் தெளிய நேரமின்றிக் களைத்து மங்கிவிடும். வெளியிலிருந்து புதிதாகப் பாய்ந்துவரும் இரத்தமோ ஒளிரும். ஆசிரியர் ஓயாமல் கேள்வி கேட்டதால் சோர்ந்துபோன வகுப்பில், அப்போதுதான் நுழைந்த மாணவன் மட்டும் உற்சாகமாகப் பதில் சொல்வதைப் போன்றது இது.

ஊசியில்லை, மருந்தில்லை, கதிர்வீச்சில்லை. செலவும் ஒப்பளவில் குறைவு. இம்முறையின் சிறப்பை மறுப்பதற்கில்லை. எனினும் இதில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, புடைப்பினுள் இரத்தம் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தால் அதுவும் தட்டுண்டு களைத்துவிடும். அங்கே இரத்தம் இருக்கும். படத்தில் இருளே தெரியும்.

இரண்டாவது, சில வாரங்கள் ஆன இரத்தக்கட்டில் ஹீமோகுளோபின் உருமாறி, அருகிலுள்ள நீரின் புரோட்டான்களை விரைவில் தெளியவைக்கும். அங்கே ஓட்டம் இராது. படத்தில் ஒளி தெரியும்.

மூன்றாவது, உலோகத்தின் தொல்லை. விசைத்தறிக்காரரின் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

பெரிய காந்தம் ஏன் கைவிட்டது?

பிளாட்டினம் இரும்பைப்போல இழுபடுவதில்லை; ஆகவே காந்தக் கருவிக்குள் ஆபத்தில்லை. ஆனால் அது சிறிதளவு காந்தமேறும் பொருள். அதன் காந்த ஏற்புத்திறன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு. நீரினுடையதோ எதிர்த் திசையில் சுமார் 9 பங்கு. இந்த வேறுபாட்டால் சுருளைச் சுற்றிக் காந்தப்புலம் சீர்குலைகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். படத்தின் ஒரு சிறு கட்டத்திற்குள் புலம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறுபடுகிறது என்று கொள்வோம். 1.5 டெஸ்லாவில் அக்கட்டத்தின் ஓர் ஓரத்துப் புரோட்டானுக்கும் மறு ஓரத்துப் புரோட்டானுக்கும் விநாடிக்கு 64 சுற்று வேறுபாடு. எதிரொலி நேரம் 5 மில்லி விநாடி என்றால், அதற்குள் 0.32 சுற்று, அதாவது 115 பாகை விலகிவிடும். இடைப்பட்டவை சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டு கூட்டினால், சைகையில் 84 விழுக்காடு மிஞ்சும். 3 டெஸ்லாவில் விலகல் 230 பாகை. மிஞ்சுவது 45 விழுக்காடு. ஒன்றையொன்று எதிர்த்து ஆடுபவர்கள் ஒருவரையொருவர் அழித்துவிடுவதுபோலச் சைகை தானே கரைந்துவிடுகிறது.

புலம் இரு மடங்கானால் அடிப்படைச் சைகையும் கொள்கையளவில் இரு மடங்காகும் என்பது உண்மை. எனவே 45-ஐ இரண்டால் பெருக்கினால் 90. அங்கே 84, இங்கே 90, ஏறத்தாழச் சமம்தான். சுருளுக்கு இன்னும் நெருங்கிச் சென்று, மாறுபாட்டை 2 பங்காக வைத்துக்கொண்டால், 1.5 டெஸ்லாவில் 45 மிஞ்ச, 3 டெஸ்லாவில் 19-தான் மிஞ்சும். இரு மடங்காக்கினாலும் 38! நாம் பார்க்க விரும்பும் இடமோ சுருளை ஒட்டிய கழுத்துப் பகுதியே. உலோகத்திற்கு அப்பால் பெரிய காந்தம் வெல்கிறது. உலோகத்தின் அருகே தோற்றுப்போகவும் கூடும்.

இதைக் கொண்டு 3 டெஸ்லா கருவியைக் குறை சொல்வதும் தவறு. அதில் கட்டத்தைச் சிறிதாக்கலாம். எதிரொலி நேரத்தைக் குறைக்கலாம். அப்போது மேற்கண்ட இழப்பு பெரிதும் குறைந்து, நுண்மையான படம் கிடைக்கும். ஆகவே கேட்கவேண்டியது 'எத்தனை டெஸ்லா?' என்பது மட்டுமன்று. 'எதிரொலி நேரம் எவ்வளவு? கட்டத்தின் அளவு என்ன?' என்பவையும் கேட்கத்தக்கவை. விளம்பரப் பலகைகளில் டெஸ்லா இடம்பெறும். எதிரொலி நேரம் இடம்பெறுவதில்லை.

மருந்து போட்டு எடுக்கும் படம்

இரண்டாவது முறையில் கடோலினியம் என்னும் தனிமத்தின் சேர்மத்தைக் கைச் சிரையில் செலுத்துகிறார்கள். இதன் அயனியில் இணை சேராத எலெக்ட்ரான்கள் ஏழு. அவற்றின் வலிய காந்தத் தன்மையால், தெளிய ஒன்றரை விநாடியளவு பிடிக்கும் இரத்தப் புரோட்டான்கள் விநாடியின் பத்திலொரு பங்குக்கும் குறைவான நேரத்தில் தெளிந்துவிடும். எனவே மெல்லச் சுழலும் இரத்தமும் களைத்துப்போகாமல் ஒளிரும். முதற்குறை இங்கே நீங்குகிறது.

எதிரொலி நேரமும் 1.5 மில்லி விநாடி அளவுக்கு இறங்கலாம். முன்போட்ட கணக்கில் இதை வைத்துப் பாருங்கள்: 1.5 டெஸ்லாவில் 98 விழுக்காடும், 3 டெஸ்லாவில் 94 விழுக்காடும் மிஞ்சும். உலோக நிழலும் சுருங்குகிறது.

ஆயின் மருந்து தமனியில் இருக்கும் சில விநாடிகளுக்குள் படத்தைப் பிடித்தாகவேண்டும். பிந்தினால் சிரைகளும் ஒளிர்ந்து குழப்பும். அவசரமாக எடுப்பதால் நுண்மையும் சற்றுக் குறையும். புடைப்பின் சுவரும், கட்டினுள் முளைக்கும் நுண்குழாய்களும் மருந்தை ஏற்று ஒளிர்ந்து, ஓட்டம் என்று ஏமாற்றலாம். சிறுநீரகம் மிக நலிந்தவர்களுக்கு இம்மருந்துகளில் சில, தோலையும் உறுப்புகளையும் இறுகவைக்கும் நோயைத் தரக்கூடும் என்பது 2006-இல் தெரியவந்தது. இப்போது உறுதியான வளைய அமைப்புடைய மருந்துகளுக்கு முன்னுரிமை தரப்படுகிறது. ஆண்டுதோறும் போடவேண்டிய நிலையில் செலவையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நொடிப்பொழுதுக்கும் குறைந்த எதிரொலி

மூன்றாவது முறை புதியது. கழுத்தில் ஓடிவரும் இரத்தத்தின் புரோட்டான்களுக்கு ரேடியோ அலையாலேயே அடையாளம் இட்டு ஒரு படம். அடையாளமின்றி ஒரு படம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அசையாத எல்லாம் மறைந்து, ஓடிவந்த இரத்தம் மட்டும் நிற்கும். பழைய இரத்தக்கட்டு ஒளிர்ந்து ஏமாற்றும் இரண்டாவது குறை இதனால் ஒழிகிறது. எதிரொலி நேரமோ ஒரு மில்லி விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. நம் கணக்கில் விலகல் 3 டெஸ்லாவிலும் ஒரு பாகைக்குக் குறைவே! கருவியின் பேரிரைச்சலும் வெகுவாக அடங்கிவிடுவதால் இதை 'ஒலியற்ற' முறை என்றும் அழைக்கிறார்கள்.

வலைக்குழல் வைத்தவர்களுக்கு இம்முறை சிறப்பாக உதவுகிறது. ஏனெனில் உலோக வலை, ஃபாரடே கூண்டைப்போல ரேடியோ அலையை உள்ளே விடாமல் தடுக்கும். டி.ஓ.எஃப். படத்தில் குழலுக்குள் இருள் தோன்றி, நன்றாக ஓடும் தமனியே அடைபட்டதுபோலக் காட்டும். எதிரொலி நேரம் மிகக் குறுகினால் இத்தொல்லையில் புலச் சீர்குலைவால் வரும் பகுதி நீங்கும். ஆனால் கூண்டு தடுக்கும் பகுதி எஞ்சியே நிற்கும். எதிரொலி நேரத்தைக் குறைத்து அதைப் போக்க முடியாது. மேலும், இட்ட அடையாளம் ஓரிரு விநாடிகளில் அழிந்துவிடுவதால், மிக மெல்ல நகரும் இரத்தம் மறுபடியும் இருளாகிவிடும். இவ்வசதி எல்லாக் கருவிகளிலும் இல்லை.

ஒப்பீடுகளையே ஒப்பிட்டால்

இனி, இம்முறைகளை ஒப்பிட்ட ஆய்வுகளைப் பார்ப்போம். சுருள் வைத்தவர்கள் பற்றிய பல ஆய்வுகளின் தொகுப்புகள் 2007-இலும் 2014-இலும் வெளிவந்தன. மருந்தில்லாத முறையும் மருந்து போட்ட முறையும் எஞ்சிய ஓட்டத்தைக் கண்டுபிடிப்பதில் நூற்றுக்கு 85 அளவில் ஏறத்தாழச் சமமாகவே நின்றன. ஆகவே சுருள் மட்டும் வைத்த ஒருவருக்கு, 'மருந்து போட்டால்தான் படம்' என்று வற்புறுத்த இவ்வெண்கள் இடம் தரவில்லை.

ஆனால் 85 என்பதன் பொருளை நாம் உணரவேண்டும். நூறு பேரில் 20 பேருக்குப் புடைப்பு திறந்திருப்பதாகக் கொள்வோம். படம் அவர்களில் 17 பேரைக் காட்டும், மூவரைத் தவறவிடும். திறவாத 80 பேரில் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னாலும், 8 பேரை வீணாக அச்சுறுத்தும். 'ஓட்டம் உண்டு' என்று சொல்லப்பட்ட 25 பேரில் 8 பேருக்கு அது பொய். 'ஓட்டம் இல்லை' என்ற 75 பேரில் மூவருக்கு அது பொய். 'இல்லை' என்ற சொல்லை ஓரளவு நம்பலாம். 'உண்டு' என்ற சொல்லை டி.எஸ்.ஏ. கொண்டு சரிபார்த்த பிறகே நம்பவேண்டும்.

இவ்வாய்வுகளின் மேல் எனக்கு மூன்று குறைகள் உண்டு. ஒன்று, தவறவிட்ட மூவரும் ஒரே மாதிரி அல்லர். மருத்துவர்கள் அடைப்பை முழுமை, கழுத்தில் மிச்சம், பையினுள் மிச்சம் என மூன்றாகப் பிரிக்கிறார்கள். கழுத்தில் ஒரு மில்லிமீட்டர் மிச்சத்தைத் தவறவிடுவதும், பையே திறந்திருப்பதைத் தவறவிடுவதும் ஒன்றாகா. ஒரே விழுக்காட்டில் இரண்டையும் அடைப்பது அளவீட்டின் பயனையே குறைத்துவிடுகிறது.

இரண்டு, புதிய ஒலியற்ற முறை பற்றிய ஆய்வுகள் பலவற்றில், படம் எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்று மருத்துவர்கள் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் இடுகிறார்கள். அழகான படத்திற்கு நான்கு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அழகு வேறு, உண்மை வேறு. மாணவனின் கையெழுத்துக்கு மதிப்பெண் இட்டு, விடை சரியா என்று பாராமல் விடுவதற்கு ஒப்பானது இது. இவ்வாய்வுகளில் பல, சிலபத்துப் பேரை மட்டுமே கொண்டு ஒரே மருத்துவமனையில் நடத்தப்பட்டவை என்பதையும் மறக்கலாகாது.

மூன்று, உரைகல்லும் குறையற்றதன்று. சுருள் குவியல் எக்ஸ் கதிரையும் மறைக்கும். சுருள்களுக்கு இடையே நுழைந்த இரத்தத்தை டி.எஸ்.ஏ. காணாமல், மருந்து போட்ட காந்தப் படம் கண்டதாகவும் அறிக்கைகள் உண்டு. அவற்றைப் 'பொய்' என்று கணக்கில் எழுதியது சரிதானா?

எந்த உலோகத்துக்கு எந்தப் படம்?

என் மதிப்பீட்டை இவ்வாறு தொகுத்துச் சொல்லலாம். எல்லோருக்கும் உகந்த ஒரே படம் என்று எதுவும் இல்லை. தலைக்குள் இருக்கும் உலோகமே படத்தைத் தேர்ந்தெடுக்கிறது. சுருள் மட்டும் இருந்தால், குறுகிய எதிரொலி நேரத்தில் எடுத்த டி.ஓ.எஃப். படமே முதல் படியாகப் போதும். ஐயம் எழுந்தால் மருந்து போட்டுப் பார்க்கலாம். வலைக்குழல் இருந்தால் டி.ஓ.எஃப். காட்டும் இருளை நம்ப இயலாது. மருந்து முறையோ, கிடைக்குமானால் ஒலியற்ற முறையோ சேரவேண்டும். கிளிப் இருந்தால் காந்தப் படத்தில் அதைச் சுற்றிப் பெரிய இருள் விழும்; டைட்டானியக் கிளிப்புக்கு சி.டி. முறை மேலானது. பிளாட்டினச் சுருளுக்கோ சி.டி. பயன்படாது, கதிர்போலக் கோடுகள் விழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நோயாளிக்கு வேண்டியது ஒரு சிறந்த படமன்று. ஒப்பிடத்தக்க இரண்டு படங்கள். புடைப்பு மாறியதா என்பதுதானே கேள்வி? கருவியும் மாறி, முறையும் மாறினால், தெரியும் மாற்றம் புடைப்பினுடையதா கருவியினுடையதா என்று யாரால் சொல்ல முடியும்? ஓர் இராசியை அளக்கும்போது ஒரே அளவுகோலைப் பயன்படுத்து என்று முதலாண்டு மாணவனுக்கு நாம் சொல்லும் பாடமே இங்கும் பொருந்தும்.

பாதுகாப்புக்கும் ஒரு சொல். 1992-இல் அமெரிக்காவில், காந்தத்தால் இழுபடாத வகை என்று நம்பப்பட்ட கிளிப்புடன் ஒரு நோயாளி காந்தக் கருவியினுள் அனுப்பப்பட்டார். உண்மையில் அது இழுபடும் வகை. கிளிப் நகர்ந்து இரத்தம் கசிய, அவர் இறந்தார். ஆகவே தலைக்குள் வைக்கப்பட்ட பொருளின் பெயர், வகை, வைத்த நாள் ஆகியவை எழுதிய அட்டையை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, குடும்ப அட்டையைப்போலப் பத்திரப்படுத்தவேண்டும்.

விசைத்தறிக்காரரிடம் நான் சொன்னது சுருக்கமானது. "உங்கள் இரண்டாவது அறிக்கை கெட்ட செய்தி அன்று, செய்தியே அன்று. 'தெரியவில்லை' என்று நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு படங்களையும் சுருள் வைத்த மருத்துவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். மறுபடி எடுக்கச் சொன்னால், முதலில் எடுத்த முறையிலேயே எடுக்கலாமா என்று கேளுங்கள்." அவர் பழைய படத்தின் உறையைத் தேடினார். வீடு மாறியபோது அது தொலைந்துவிட்டது என்றார் மருமகன். நல்லவேளை, அந்த ஸ்கேன் நிலையத்தில் குறுந்தகட்டுப் பிரதி இருந்தது. மருத்துவர் இரண்டையும் பார்த்துவிட்டு, முதல் கருவியிலேயே அடுத்த படத்தை எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

காந்தப் படத்தில் இருள் என்பது விடையன்று. அது ஒரு வினா. இரத்தம் இல்லாததால் இருளா, மெல்ல ஓடுவதால் இருளா, உலோகம் மறைப்பதால் இருளா என்று கேட்கத் தெரிந்தவரே படத்தைப் படிக்கத் தெரிந்தவர். மாணவர்கள் காந்தவியல் பாடத்தைத் தேர்வுக்கான பாடமாக மட்டும் கருதாமல், அடுத்த வீட்டுக்காரரின் பழுப்பு உறையைப் பிரித்துப் பார்க்கும்போது நினைவுக்கு வரவேண்டிய பாடமாகவும் கொள்வார்களானால், அதுவே ஆசிரியருக்கு நிறைவு.